எரியாத அட்டையும் அழியும்

புதுச்சேரியை அடுத்த பாகூரைப் பற்றிப் பேசும் பழைய ஆவணங்களில் முக்கியமானது செம்பில் வெட்டப்பட்டது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிக்கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஐந்து ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேட்டுத் தொகுதி 1879இல் கண்டெடுக்கப்பட்டுப் பிரான்சுக்குப் போய், பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்ந்தது. அவ்வூர் மூலநாதர் கோயில் சுவர்களில் கல்வெட்டுகளும் நிலைத்திருக்கின்றன. அந்தக் கல்விச்சாலையில் மாணவர்கள் கையில் வைத்துப் படித்த ஓலைகளோ காலத்தைத் தாண்டி வரவில்லை. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓலையும் காகிதமும் 200 டிகிரியைத் தாண்டினாலே கருகத் தொடங்கிவிடும். ஆயிரம் ஆண்டு கடந்து வருவது எது என்பதில் எழுதிய செய்தியின் அருமையைவிட, எழுதப்பட்ட பொருளின் உறுதிக்குப் பங்கு அதிகம்.

இன்று பாகூர், வில்லியனூர் வட்டாரத்து வீடுகளில் அருமையாகச் சேர்த்து வைக்கப்படுபவை பெரும்பாலும் காகிதமும் அட்டையும்தான். 1892 முதல் பிரெஞ்சிந்தியாவுக்கென்றே தனியாக வெளிவந்த தபால்தலைகள், இரண்டாம் உலகப்போரின்போது பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் பக்கம் சாய்ந்த புதுச்சேரி 1941இல் ‘சுதந்திர பிரான்ஸ்’ என்று மேலச்சடித்து வெளியிட்ட தலைகள், கடற்கரைச் சாலையும் கவர்னர் மாளிகையும் அச்சிட்ட பட அஞ்சலட்டைகள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களில் சீருடையோடு நிற்கும் தாத்தாக்களின் புகைப்பட அட்டைகள் இந்த மண்ணுக்கே உரியவை. இளைய தலைமுறை கிரிக்கெட் அட்டைகளையும் போகிமான் அட்டைகளையும் சேர்க்கிறது. இவற்றில் பலவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது, சிலவற்றுக்குச் சந்தையில் நல்ல விலையும் உண்டு. இவற்றைத் தீயிலிருந்து காப்பது எப்படி என்று கேட்டால், ‘ஃபயர் புரூஃப் பெட்டி ஒன்று வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுங்கள்’ என்பதே வழக்கமான பதில். அந்தப் பதில் போதாது. ஓர் அட்டை தீப்பிடித்து எரிவதற்கு வெகுமுன்பே, அதைச் சேகரிக்கத் தகுந்த பொருளாக ஆக்கிய எல்லாவற்றையும் இழந்துவிடும். ஆகவே ‘இது எத்தனை டிகிரியில் எரியும்?’ என்று கேட்பதைவிட, ‘இது எத்தனை டிகிரியில் கெடும்?’ என்று கேட்பதே சரியான தொடக்கம்.

அந்தக் கேள்விக்கு வேதியியல் படிப்படியாக விடை தருகிறது. காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 250 டிகிரிக்குள் இருக்கும். 150 டிகிரியை நெருங்கும்போதே செல்லுலோஸ் பழுப்பேறி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அட்டைகளை நாம் வெறுமனே வைப்பதில்லை, பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைக்கிறோம். மெல்லிய உறைகளுக்குப் பயன்படும் பாலிபுரோப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகும். விறைப்பான உறைகள் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. அது 80 டிகிரியிலேயே இளகி வளையத் தொடங்கும், இன்னும் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயுவைக் கக்கும். தரச்சான்று கொடுத்து அட்டையை அடைத்துத் தரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடுகளும் 100 டிகிரி அளவில் உருக்குலையும். பழைய புகைப்படங்களின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரமான ஜெலட்டின் வெதுவெதுப்பான நீரின் சூட்டிலேயே இளகி, அருகிலிருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்தாத தபால்தலையின் பின்புறப் பசைக்குச் சூடுகூட வேண்டாம், நல்ல ஈரப்பதமே போதும். சேகரிப்பின் உயிர் 50 டிகிரிக்கும் 170 டிகிரிக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. சுவாலைக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டில் தீப்பிடித்தால் அறைக்குள் என்ன வெப்பம் எழும் என்பதையும் பார்க்க வேண்டும். சூடான புகை மேலெழுந்து கூரையடியில் தேங்கி, 500 முதல் 600 டிகிரியை எட்டும்போது அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். கட்டடப் பொருள்களைச் சோதிக்கப் பல நாடுகளில் பின்பற்றப்படும் தர வெப்பக்கோட்டின்படி, ஐந்தாவது நிமிடத்தில் உலையின் வெப்பம் 576 டிகிரி, அரைமணியில் 842 டிகிரி, ஒருமணியில் 945 டிகிரி. இந்த எண்களுக்கு முன்னால் நம் வீட்டு இரும்பு பீரோவுக்கு என்ன மதிப்பு? திருடனுக்கு அது தடை, வெப்பத்துக்கு அது வழி. மெல்லிய இரும்புத் தகடு வெப்பத்தை உடனுக்குடன் உள்ளே கடத்தும். கதவு பூட்டியே இருந்தாலும், உள்ளிருக்கும் காகிதம் காற்றில்லாமல் கரியாகிவிடும். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் எரிந்து இடிந்தது. இடிபாடுகளுக்குள் இருந்த பெட்டகங்களிலிருந்து தங்க நகைகள் பிறகு மீட்கப்பட்டன. அதைச் சான்றாகக் காட்டி, பெட்டகம் எதையும் காக்கும் என்று முடிவுகட்டுவது பிழை. தங்கம் உருகும் வெப்பநிலை 1,064 டிகிரி. தங்கத்துக்குப் போதுமான பாதுகாப்பு காகிதத்துக்குப் பாதுகாப்பே ஆகாது.

அப்படியானால் தீயைத் தாங்குவதற்கென்றே செய்யப்படும் பெட்டிகள் என்ன செய்கின்றன? அவற்றின் இரட்டைச் சுவருக்குள் ஜிப்சம் அல்லது அதுபோல நீரைத் தன் படிகத்துக்குள் கட்டி வைத்திருக்கும் பொருள் நிரப்பப்பட்டிருக்கும். ஒரு கிலோ ஜிப்சத்தில் ஏறத்தாழ 200 கிராம் நீர் வேதிப்பிணைப்பில் இருக்கிறது. வெளிச்சூடு ஏறும்போது அந்த நீர் விடுபட்டு ஆவியாகிறது. நீர் ஆவியாக மிகுந்த வெப்பத்தை உறிஞ்சும், அந்த 200 கிராம் நீர் ஆவியாக விழுங்கும் வெப்பத்தைக் கொண்டு ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைவரை கொண்டுபோகலாம். நீர் தீரும்வரை சுவரின் உட்புறம் கொதிநிலையை ஒட்டியே நிற்கும், அதன் பிறகுதான் உள்வெப்பம் வேகமாக ஏறும். பெட்டியின் மேல் ‘ஒரு மணிநேரம்’ என்று போட்டிருப்பது இந்தக் கால இடைவெளியைத்தான். அழகான பொறியியல்தான் இது, ஆனால் அதற்குள் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. சுவரிலிருந்து விடுபடும் நீராவியில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே வரும். அடுத்து, ‘காகிதத்துக்கு ஏற்றது’ என்று சான்று தரும், அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் அமெரிக்கச் சோதனை நிறுவனத்தின் தரவரிசை, உள்வெப்பம் 177 டிகிரிவரை போகலாம் என்று அனுமதிக்கிறது. பத்திரமோ கடிதமோ 177 டிகிரியில் பழுத்தாலும் படிக்கும் நிலையில் வெளிவரும், தரவரிசை கேட்பது அவ்வளவுதான். அட்டையைப் போட்டு வைத்த பாலிபுரோப்பிலீன் உறையோ அதற்குப் பன்னிரண்டு டிகிரி முன்பே உருகி அச்சின்மேல் ஒட்டியிருக்கும். பெட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கும், சேகரிப்பு போயிருக்கும்.

இதே தரவரிசையில் இன்னும் கடுமையான இரண்டு படிகள் உண்டு. காந்த நாடாக்களுக்காக வகுத்த படி, உள்வெப்பம் 66 டிகிரியையும் ஈரப்பதம் 85 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. கணினி வட்டுகளுக்கான படி இன்னும் இறுக்கமானது: 52 டிகிரி, 80 சதவீதம். காகிதப் படியில் ஈரப்பதத்துக்கு வரம்பே கிடையாது. அட்டைகளும் புகைப்படங்களும் பெயரளவில் காகிதமாக இருந்தாலும், வெப்பத்தின் முன்னால் காந்த நாடாவைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே பெட்டி வாங்குபவர் காகிதத்துக்கான பெட்டியைத் தவிர்த்து, தரவுகளைக் காப்பதற்கென்று சான்று பெற்ற பெட்டியைக் கேட்க வேண்டும். அதன் விலை அதிகம், உட்புற இடமும் குறைவு. அதனால் முழுத் தொகுப்பையும் திணிக்காமல், திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் பொறுக்கி அதில் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

சூட்டுக்கு அடுத்தபடியாக வருவது தண்ணீர். பெரிய நூலகத் தீவிபத்துகளின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மத்திய நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 4 லட்சம் நூல்கள் அழிந்தன. புகையிலும் தண்ணீரிலும் சேதமானவை ஏறத்தாழ 7 லட்சம். 1988 பிப்ரவரியில் லெனின்கிராட் அறிவியல் அகாதமி நூலகத்தில் தீ தின்றதைப்போல் பல மடங்கு நூல்கள் அணைப்பு நீரில் ஊறின. வீட்டுத் தீயிலும் இதே கதைதான். வண்டி வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும், அது போகத்தான் வேண்டும். பளபளப்பான அட்டைகளின் மேற்பூச்சில் களிமண் துகள்களும் பசையும் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக நனைந்து அப்படியே காய்ந்தால் அவை ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. எனவே தீயைத் தாங்கும் பெட்டிக்குள், ரப்பர் விளிம்பு வைத்த நீர்புகாத சிறு டப்பா ஒன்று அவசியம். வெளிப்பெட்டி சூட்டைத் தாமதப்படுத்தும், உள் டப்பா நீராவியையும் தண்ணீரையும் புகையின் அமிலக் கரியையும் தடுக்கும். அதற்கும் உள்ளே, மைலார் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் பாலியெஸ்டர் உறை இருக்கட்டும். அது உருக ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும், சாதாரண நாளிலும் பிவிசியைப் போல அட்டையோடு வேதிவினை புரியாது.

‘எப்போதோ வரலாம், வராமலே போகலாம் என்ற தீக்குப் பயந்து, நாள்தோறும் இருக்கும் ஈரத்துக்குள் அட்டைகளை அடைத்து வைப்பதா?’ என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடலிலிருந்து சில கிலோமீட்டரில், ஏரிப் பாசன வயல்களுக்கு நடுவில் இருக்கும் பாகூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் பூஞ்சைக்கு வாழ்வு. போதாக்குறைக்கு, தீப்பெட்டகத்தின் சுவரே நீரைத் தாங்கி நிற்பது, மூடியே கிடந்தால் உள்ளே மெல்ல ஈரம் கசியும். பளபளக்கும் படலம் ஒட்டிய அட்டைகள் ஈரத்தில் ஒருபுறம் மட்டும் விரிந்து வளைந்துபோகும். ஆனால் இந்த ஆட்சேபம் பெட்டியை விலக்கச் சொல்லவில்லை, பெட்டிக்குள் இன்னொரு டப்பா வேண்டும் என்பதையே வலுப்படுத்துகிறது. காற்றுப்புகாத உள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு, மார்ச் முதல் மே வரையிலான வறண்ட பகல் ஒன்றில் அட்டைகளை அடுக்கி மூடினால், உள்ளே ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே நிற்கும். மாதம் ஒருமுறை மானியைப் பார்த்து, ஏறியிருந்தால் சிலிக்கா ஜெல்லை 120 டிகிரி அளவில் ஓவனில் உலர்த்தி மீண்டும் போடலாம். அன்றாட ஈரத்தைத் தடுக்கும் அதே டப்பாதான் தீ நாளில் நீராவியையும் தடுக்கிறது.

பெட்டியைவிட இடம் முக்கியம், இடத்துக்குச் செலவும் இல்லை. நம் வீடுகளில் பழைய பொருள் என்றாலே பரணுக்குப் போகும். தீயின் கணக்கில் வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். சூடான புகை முதலில் தேங்குவது கூரையடியில். தரையில் நிற்பவருக்குத் தாங்கக்கூடிய சூடாக இருக்கும்போதே பரணில் பிளாஸ்டிக் உருகத் தொடங்கிவிடும். தீ இல்லாத நாளிலும் ஓட்டுக்கடியில் கோடைச் சூடு கொளுத்தும். அதற்காகத் தரையில் வைத்துவிடலாமா என்றால், பாகூருக்குத் தண்ணீர் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. தீ மேலிருந்து கீழே வருகிறது, வெள்ளம் கீழிருந்து மேலே வருகிறது. இரண்டுக்கும் தப்பிய இடம் இடுப்பளவு உயரம்: வெளிச்சுவரை ஒட்டாத, சமையலறைக்குத் தூரமான, கதவு மூடக்கூடிய அறை. மூடிய கதவு தீயை நெடுநேரம் தள்ளிப்போடும் என்பது அமெரிக்கத் தீ ஆய்வகங்கள் வீடுகளையே எரித்துப் பார்த்து உறுதிசெய்த உண்மை. ஆனால் பழைய ஓட்டு வீடுகளில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாமல் மேலே திறந்திருப்பது உண்டு. அங்கே கதவை மூடினாலும் புகை சுவருக்கு மேலாக ஏறி வந்துவிடும். அத்தகைய வீட்டிலும் கூரை வீட்டிலும், விலைமதிப்புள்ள தொகுப்பை உறவினரின் மெத்தை வீட்டில் வைப்பதே அறிவுடைமை.

இவ்வளவும் தீப்பிடித்த பிறகான தற்காப்பு. தீப்பிடிக்காமல் பார்ப்பதற்கு ஆகும் செலவு இதைவிடக் குறைவு, பயன் பல மடங்கு. பூஜை அலமாரியில் எரியும் விளக்குக்குப் பக்கத்திலோ மேலேயோ காகிதம் இருக்கக் கூடாது. கொசுவத்திச் சுருள் சுவாலையின்றிக் கனலும், அட்டைப்பெட்டி ஓரமாகப் பட்டால் மணிக்கணக்கில் புகைந்து பிறகு பற்றும். இன்வெர்ட்டர் பேட்டரியும் மின்ஸ்கூட்டர் பேட்டரியும் சார்ஜ் ஏறும் இடத்துக்கு அருகில் சேகரிப்பு வேண்டாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் ஹீட்டரையும் செருகுவது, தளர்ந்த பிளக் பாயிண்ட்டை மாற்றாமல் விடுவது, உருகுகம்பிக்குப் பதில் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றுவது எல்லாம் வீட்டைத் தீக்குத் தயார்படுத்தும் வேலைகள். எம்சிபியும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்தி, பழைய ஒயரிங்கை மாற்றும் செலவு ஒரு நல்ல அட்டையின் விலையைவிடப் பெரிதாக இருக்காது. தீபாவளியன்று ராக்கெட் ஓலைக் கூரையில் விழும் ஆபத்து நம் ஊர்களுக்குப் புதிதல்ல. அன்று மாலை கூரையை நனைத்து வைப்பது பழைய வழக்கம் மட்டுமல்ல, ஜிப்சம் செய்யும் வேலையேதான் அதுவும். ஒளியால் புகையைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டினால், கனலும் தீயை அது பற்றுமுன்பே சொல்லிவிடும்.

வங்கி லாக்கரில் வைத்துவிட்டால் இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். வீட்டைவிட லாக்கர் பாதுகாப்பானது என்பது உண்மை. ஆனால் ரிசர்வ் வங்கி வகுத்து 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வங்கியின் குறையால் தீயோ திருட்டோ நேர்ந்தால் அதன் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்குவரைதான். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சம் 2 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடருக்கு வங்கி பொறுப்பேற்காது. காப்பீடு எடுத்தால் போதுமா என்றால், 2021 ஏப்ரலில் அறிமுகமான பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் சாதாரண வீட்டுப் பொருள்கள் அடங்கும். கையெழுத்துப் பிரதி, ஆவணம், நாணயம் போன்றவை வெளிப்படையாக எழுதிச் சேர்க்கப்படாவிட்டால் அடங்காது. அரிய பொருள்களுக்கு முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொண்டு சேர்க்கும் கூடுதல் பிரிவு அதிலேயே உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் அட்டையின் இருபுறப் படமும், வாங்கிய ரசீதும், விலைப்பட்டியலும் தேவை. ஸ்கேன் செய்து வைத்தால் மூலம் போனாலும் பரவாயில்லை என்ற வாதமும் உண்டு. ஸ்கேன் செய்தியைக் காக்கும், பொருளைக் காக்காது. மேலச்சின் மை, காகிதத்தின் நீரெழுத்து, அஞ்சல் முத்திரையின் அழுத்தம் ஆகியவை மூலத்தில் மட்டுமே ஆராயக்கூடிய சான்றுகள். லாக்கர், காப்பீடு, ஸ்கேன் மூன்றும் வேண்டியவைதான். எதுவும் தனியாகப் போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் போயின. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்த சேகரிப்பு ஒரே இரவில் முடிந்துவிடும் என்பதற்குத் தமிழர்களுக்கு வேறு சான்று தேவையில்லை. பாதியை இன்னொரு வீட்டிலோ லாக்கரிலோ பிரித்து வைப்பது எந்தப் பெட்டியையும்விட நிச்சயமான காப்பு.

உயிர் போகும் தீயில் அட்டைகளைப் பற்றிப் பேசுவது முறையா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எரியும் வீட்டுக்குள் எந்த ஆல்பத்துக்காகவும் யாரும் திரும்பிப் போகக் கூடாது, எவ்வளவு அரிய தபால்தலையும் ஒரு மூச்சு நச்சுப்புகைக்கு ஈடாகாது. எல்லாவற்றையும் முன்பே ஒழுங்குசெய்து வைத்தவருக்குத்தான் அந்த நேரத்தில் வெறுங்கையோடு வெளியேறும் மனம் வரும். ஒயரிங்கை மாற்றுவதும், எச்சரிக்கைக் கருவி மாட்டுவதும், படுக்கையறைக் கதவை மூடித் தூங்குவதும் சேகரிப்புக்காகத் தொடங்கினாலும் முதலில் காப்பது வீட்டிலுள்ளவர்களையே. தீ அணைந்த பிறகும் பொறுமை வேண்டும். பெட்டியை உடனே திறந்தால், உள்ளே கருகும் நிலையில் இருக்கும் காகிதம் புதுக்காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும். கைவைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்றாகும்வரை, குறைந்தது ஒரு நாளாவது, விட்டுவைக்க வேண்டும். நனைந்த அட்டைகளைப் பிரிக்க முயலாமல், வெயிலில் காயவும் போடாமல், பாலித்தீன் உறையில் சுற்றிச் சில மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டால் பூஞ்சையும் ஒட்டலும் அப்படியே நின்றுவிடும். பிறகு ஆவணப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் நிதானமாகக் கொடுக்கலாம்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தைச் செலவிடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மின்னிணைப்பு, அடுத்து புகை எச்சரிக்கைக் கருவி, பிறகு பாலியெஸ்டர் உறையும் காற்றுப்புகாத டப்பாவும், அதன்பின் படம் எடுத்து விலை எழுதிக் காப்பீடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் 52 டிகிரிக்குச் சான்று பெற்ற பெட்டி. பரணிலிருந்து இறக்கி இடுப்பளவு உயரத்தில் வைப்பதற்கும், இரண்டாகப் பிரித்து வைப்பதற்கும் பணமே வேண்டாம். அவற்றை இன்றே செய்யலாம். விலையுயர்ந்த பெட்டியை முதலில் வாங்கிவிட்டு மீதியை விட்டுவிடுபவர், 177 டிகிரியை நம்பி 80 டிகிரிப் பொருளை ஒப்படைக்கிறார்.